புகையைக் கழுவிய கோபுரம்

வேதித் தொழில் வரலாறு – பகுதி 9

லெப்ளாங்க் முறையில் 100 கிலோ சோடா செய்தால், கூடவே ஏறத்தாழ 69 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் உண்டாகும். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த வாயுவுக்குப் பெரிய சந்தை இல்லை. அது புகைபோக்கி வழியே வெளியே போயிற்று; அக்கம்பக்கத்து வயல்களிலும் மரங்களிலும் இறங்கியது. அதை மடக்கிப் பிடிக்க எழுந்த கருவியே உறிஞ்சு கோபுரம்.

வாயுக் கலவையிலிருந்து ஒரு கூறை மட்டும் திரவத்தில் கரைத்துப் பிரிப்பது வாயு உறிஞ்சல். கரைந்த வாயுவைத் திரவத்திலிருந்து திரும்ப வெளியேற்றுவது வாயு நீக்கல். ஒரு திரவத்தில் கரைந்திருப்பதை, அதனோடு கலக்காத இன்னொரு திரவத்துக்கு மாற்றுவது திரவப் பிரித்தெடுப்பு. இன்றைய வேதிப் பொறியியல் பாடநூல்களில் இவை அடுத்தடுத்த அத்தியாயங்களாக நிற்கின்றன. இந்த மூன்றுக்கும் பொதுவான கணக்கு வளர்ந்ததில், சோடா ஆலைகளின் அமிலப் புகையை அளக்கச் சொன்ன ஒரு சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சோடாவுடன் பிறந்த வாயு

கண்ணாடி, சோப்பு, துணி வெளுப்பு ஆகிய மூன்று தொழில்களுக்கும் சோடா வேண்டும். 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பா அதைக் கடலோரச் செடிகளையும் கடற்பாசியையும் எரித்த சாம்பலிலிருந்து பெற்றது. சாப்பாட்டு உப்பிலிருந்து சோடா எடுக்கும் வழியைப் பிரான்சின் நிக்கோலா லெப்ளாங்க் கண்டு, 1791இல் காப்புரிமை பெற்றார். அவருடைய முறையில் முதலில் உப்பின் மேல் கந்தக அமிலம் ஊற்றிச் சூடாக்க வேண்டும். சோடியம் சல்பேட் தங்கும். ஹைட்ரஜன் குளோரைடு ஆவியாகக் கிளம்பும். அந்த சல்பேட்டைச் சுண்ணாம்புக்கல், நிலக்கரி ஆகியவற்றோடு உலையில் வறுத்தால் கரும்சாம்பல் கிடைக்கும். அதை நீரில் ஊறவைத்து வடித்தால் சோடா நீரில் இறங்கிவிடும். கால்சியம் சல்பைடு கழிவாக மிஞ்சும்.

இந்த முறை பெருந்தொழிலாக வளர்ந்தது இங்கிலாந்தில்தான். 1820களில் உப்பு வரி நீங்கியதும் மூலப்பொருள் மலிந்தது. ஜேம்ஸ் மஸ்ப்ராட் லிவர்பூலில் ஆலை தொடங்கினார். செயின்ட் ஹெலன்ஸ், விட்னெஸ், டைன் ஆற்றங்கரை, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ என ஆலைகள் பெருகின. உப்பும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் துறைமுகமும் பக்கத்தில் இருந்த இடங்களில் அவை நெருங்கி நின்றன.

ஹைட்ரஜன் குளோரைடு காற்றைவிட எடை கூடியது. அது காற்றின் ஈரத்தில் கரைந்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத் துளிகளாகித் தரையை நோக்கி இறங்கும். ஆலைகளைச் சுற்றி மரங்கள் இலை இழந்தன, வேலிச்செடிகள் கருகின, பூட்டும் ஆணியும் துருப்பிடித்தன. லிவர்பூல் நகராட்சி 1838இல் மஸ்ப்ராட் மேல் வழக்குப் போட்டு வென்றது. முதலாளிகள் முதலில் நம்பியது உயரத்தை. கிளாஸ்கோவின் செயின்ட் ரோலாக்ஸ் ஆலையில் 1842இல் எழுந்த புகைபோக்கி சுமார் 133 மீட்டர் உயரம். உயரம் கூடியதால் வாயுவின் அளவு குறையவில்லை. அது விழும் பரப்பு மட்டும் விரிந்தது.

காசேஜின் கோபுரம்

வில்லியம் காசேஜ் இங்கிலாந்தின் உஸ்டர்ஷயர் வட்டாரத்தில் ஸ்டோக் பிரையர் என்ற ஊரில் சோடா ஆலை நடத்தியவர். 1836இல் அவர் பெற்ற காப்புரிமை, வாயுவை நீரால் கழுவும் ஓர் அமைப்புக்கானது. பயன்படாமல் நின்ற ஒரு காற்றாலையின் உட்புறத்தை முட்செடிகளாலும் சுள்ளிகளாலும் நிரப்பி, மேலிருந்து நீரைச் சொட்டவிட்டு, கீழிருந்து அமில வாயுவை ஏற்றி அவர் சோதித்ததாகத் தொழில் வரலாறுகள் கூறுகின்றன. பின்னர் சுள்ளிக்குப் பதில் கல்கரித் துண்டுகள் வந்தன. அமிலம் கல்கரியை அரிக்காது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் நீர் நன்றாகப் படரும்.

நீரில் ஹைட்ரஜன் குளோரைடு கரையும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் தன் கன அளவைப் போல் 400 மடங்குக்கும் மேலான வாயுவைக் கரைத்துக்கொள்ளும். அதனால் வாயுவை நீர்த்தொட்டிகளின் மேற்பரப்பை ஒட்டி ஓடவிட்டுப் பார்த்தவர்கள் முன்பே இருந்தார்கள். ஆனால் தொட்டியில் வாயு தொடுவது நீரின் மேல்பரப்பை மட்டும். அந்தப் பரப்பு அமிலத்தால் நிறைந்ததும் கரைதல் தளர்ந்துவிடும். காசேஜின் கோபுரத்தில் நீர் மெல்லிய தோலாகத் துண்டுகளின் மேல் வழிந்தது. சிறிய இடத்துக்குள் பெரும் பரப்பு கிடைத்தது. அந்தப் பரப்பு இடைவிடாமல் புதுப்பிக்கப்பட்டது.

அமைப்பின் இரண்டாவது சிறப்பு எதிரோட்டம். கீழே நுழையும் வாயுவில் அமிலம் மிகுதி. அங்கே அது சந்திப்பது, மேலிருந்து வழிந்து வந்து ஏற்கெனவே அமிலம் ஏறிய நீரை. மேலே எழுந்து மெலிந்த வாயு சந்திப்பது புது நீரை. இதனால் கோபுரத்தின் எந்த மட்டத்திலும் வாயுவுக்கும் நீருக்கும் இடையே ஓர் இழுவிசை மிஞ்சியிருக்கும். அடியில் செறிந்த அமிலமும் உச்சியில் தூய்மையான வாயுவும் ஒரே நேரத்தில் கிடைக்கும். இரண்டையும் ஒரே திசையில் ஓடவிட்டால் இது நடக்காது; செறிந்த அமிலம் வேண்டுமென்றால் வாயு அழுக்காகவே வெளியேறும், வாயு தூய்மையாக வேண்டுமென்றால் அமிலம் நீர்த்துப்போகும்.

இதற்கு அடிப்படையான விதியை மான்செஸ்டர் நகர வேதியியலர் வில்லியம் ஹென்றி 1803இல் வெளியிட்டிருந்தார். வெப்பநிலை மாறாதிருந்தால், திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அத்திரவத்தின் மேல் அவ்வாயு செலுத்தும் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி. கோலி சோடாவைத் திறந்ததும் கரியமில வாயு குமிழியிட்டுப் பொங்குவது இதனால்தான்: மேலிருந்த அழுத்தம் போனதும், கரைந்த வாயு திரவத்தில் தங்க வழியில்லை. குளிரவைத்து அழுத்தத்தைக் கூட்டினால் உறிஞ்சல். சூடாக்கி அழுத்தத்தைக் குறைத்தால் நீக்கல். ஹைட்ரஜன் குளோரைடு நீரில் அயனிகளாகப் பிரிந்துவிடுவதால் ஹென்றியின் எளிய நேர்விகிதத்துக்கு அது கட்டுப்படுவதில்லை. ஆனாலும் சூடும் அழுத்தமும் இழுக்கும் திசை அதற்கும் அதுவேதான்.

ஆலையில் தடையாக நின்றது சூடு. அந்த வாயு நீரில் கரையும்போதே வெப்பத்தை வெளிவிடும். நீர் சூடேறினால் கரைதிறன் குறையும். உப்பும் அமிலமும் முதலில் வினைபுரியும் இரும்புச் சட்டியிலிருந்து வந்த வாயு செறிவானது. அதைப் பிடிப்பது எளிது. அதே வினையை முடிக்கும் இரண்டாம் கட்ட வறுவுலையிலிருந்து வந்த வாயுவோ, பல இடங்களில் நிலக்கரிப் புகையோடு கலந்து, சூடாகவும் நீர்த்தும் வந்தது. கோபுரம் வைத்திருந்த ஆலைகளிலும் இந்த வாயுவே பெரும்பாலும் தப்பி வெளியேறியது.

சட்டம் கேட்ட எண்

1836இல் கருவி கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த கால் நூற்றாண்டுக்கு ஆலைகள் அதை அரைமனதாகவே பயன்படுத்தின. கோபுரம் கட்டவும் நீர் ஏற்றவும் செலவாகும். பிடித்த அமிலத்தை வாங்க ஆள் குறைவு. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டால், தன் பயிரைக் கருக்கியது இன்ன ஆலையின் புகைதான் என்று நிரூபிக்க வேண்டும். பத்து ஆலைகள் நெருங்கி நின்ற செயின்ட் ஹெலன்ஸில் அதை நிரூபிப்பது நடவாத காரியம்.

ஆலைகளின் புகை பெருநிலக்கிழார்களின் தோட்டங்களையும் எட்டியது. செயின்ட் ஹெலன்ஸுக்கு அருகே நோஸ்லி பண்ணைக்கு உரியவர், இருமுறை பிரதமராக இருந்த டார்பி பிரபு. அவருடைய முன்முயற்சியால் 1862இல் பிரபுக்கள் சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கோபுரம் சரியாக இயங்கினால் அமில வாயுவில் மிகப் பெரும் பகுதியைப் பிடிக்க முடியும் என்பது விசாரணையில் தெளிவானது. 1863இல் ஆல்கலி சட்டம் நிறைவேறி, 1864 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. சோடா ஆலைகள் தம்மிடம் உண்டாகும் ஹைட்ரஜன் குளோரைடில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடித்தாக வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. எந்தக் கருவியால், எப்படி என்று அது சொல்லவில்லை.

எண்ணைச் சட்டத்தில் எழுதிவிட்டால் அதை அளக்க ஆள் வேண்டும். முதல் ஆய்வாளராக ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் நியமிக்கப்பட்டார். அமில மழை என்ற பெயரைப் பின்னாளில் உலகுக்குத் தந்த வேதியியலர் இவர். 1872இல் வெளியான அவருடைய நூலின் பொருள் காற்றும் மழையும். அவரும் துணை ஆய்வாளர்களும் ஆலை ஆலையாகச் சென்றார்கள். புகைபோக்கிக்குப் போகும் வாயுவில் அளவிட்ட கன அளவை இழுத்து, நீருக்குள் செலுத்தி, அதில் கரைந்த அமிலத்தை வேதிமுறையில் கணக்கிட்டார்கள். ஒரு தொழிற்சாலைக்குள் ஓடும் வாயு, ஓர் அரசு அலுவலரால் முறையாக அளக்கப்பட்ட முதல் நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. சில ஆண்டுகளுக்குள்ளேயே பெரும்பாலான ஆலைகள் 95 என்ற எல்லையைத் தாண்டிவிட்டன.

சட்டத்தில் ஓட்டைகளும் இருந்தன. அது வாயுவைப் பற்றி மட்டுமே பேசியது. பிடித்த அமிலத்துக்கு விலை கிடைக்காத இடங்களில், ஆலைகள் அதை ஓடைகளில் விட்டன. செயின்ட் ஹெலன்ஸின் சாங்கி ஓடையில் அமிலம் கலந்தது. கால்சியம் சல்பைடு கழிவோடு அமிலம் சேர்ந்த இடங்களில் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பியது. இன்னொரு குறை, விழுக்காட்டுக் கணக்கிலேயே இருந்தது. உற்பத்தி இரட்டித்தால், 5 விழுக்காடு விடுபாடும் இரட்டிக்கும்; ஆலை சட்டப்படியே நடந்ததாகும். எனவே 1874இல் வந்த திருத்தச் சட்டம், வெளியேறும் வாயுவில் ஒரு கன அடிக்கு 1/5 கிரெயினுக்கு மேல் அமிலம் இருக்கக்கூடாது என்றது. கன மீட்டருக்கு அரை கிராமுக்கும் சற்றுக் குறைவான அளவு அது. மற்ற தீய வாயுக்களுக்கு, நடைமுறையில் கைக்கெட்டும் சிறந்த வழியைக் கையாள வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது.

பிடித்த அமிலத்துக்கு 1860களின் பிற்பகுதியில் விலை வந்தது. வால்டர் வெல்டன், ஹென்றி டீக்கன் ஆகியோர் தனித்தனியே கண்ட முறைகள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து மலிவாகக் குளோரின் எடுக்க வழிசெய்தன. குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றினால் பிளீச்சிங் பவுடர்; துணி ஆலைகளும் காகித ஆலைகளும் அதற்காகக் காத்திருந்தன. ஒரு தலைமுறைக்குள், வெளியே விட்ட வாயுவே லெப்ளாங்க் ஆலைகளைத் தாங்கிப் பிடிக்கும் சரக்காயிற்று.

பிடிப்பதும் விடுவிப்பதும்

காசேஜின் கோபுரத்தில் நீர் ஒருமுறை வந்து அமிலமாக வெளியேறும், திரும்பி வராது. விலையுயர்ந்த பொருளைப் பிடித்து, அதே ஆலையில் மறுபடி பயன்படுத்த வேண்டுமென்றால், பிடித்த திரவத்திலிருந்து அதை விடுவிக்கவும் வேண்டும். இந்த இரட்டைச் சுற்றைக் கந்தக அமில ஆலைகள் உருவாக்கின.

18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கந்தக அமிலம் ஈய அறைகளில் செய்யப்பட்டது. கந்தக டை ஆக்சைடை அமிலமாக்க நைட்ரஜன் ஆக்சைடுகள் துணைபுரியும். வினை முடிந்ததும் அவை மாறாமல் மிஞ்சும். ஆனால் அறையிலிருந்து வெளியேறும் காற்றோடு அவையும் போய்விடும். ஈடுகட்ட நைட்ரேட் உப்பை மேலும் மேலும் வாங்க வேண்டியிருந்தது. வாயு விதிகளால் அறியப்பட்ட பிரெஞ்சு வேதியியலர் ஜோசப் லூயி கே-லூசாக் 1827இல் ஒரு வழி சொன்னார். வெளியேறும் வாயுவைக் கல்கரி நிரப்பிய கோபுரத்தில் ஏற்றி, மேலிருந்து குளிர்ந்த, செறிந்த கந்தக அமிலத்தை ஒழுகவிட வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகள் அதில் கரைந்துகொள்ளும்.

கோபுரம் வேலை செய்தது; ஆனால் கரைந்த ஆக்சைடுகளைத் திரும்ப எடுப்பது எளிதாக இல்லை. அமிலத்தை நீரால் நீர்த்தால் அவை வெளிவரும். அப்படி நீர்த்த அமிலம் மறுபடி கோபுரத்துக்கு உதவாது; அதைக் காய்ச்சிச் செறிவூட்ட எரிபொருள் செலவாகும். அதனால் கே-லூசாக் கோபுரம் பல ஆலைகளில் நுழையவே இல்லை.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் இங்கிலாந்தின் ஜான் குளோவர். டர்ஹாம் வட்டாரத்து வாஷிங்டன் வேதி ஆலையில் 1859இல் அவர் இன்னொரு கோபுரத்தை அமைத்தார். உலையிலிருந்து வரும் சூடான கந்தக டை ஆக்சைடு வாயு அதன் அடியில் நுழையும். ஆக்சைடு ஏறிய அமிலமும் ஈய அறையின் நீர்த்த அமிலமும் சேர்ந்து மேலிருந்து இறங்கும். அந்தச் சூட்டில் மூன்று வேலைகள் ஒருங்கே முடிந்தன: நைட்ரஜன் ஆக்சைடுகள் அமிலத்தைவிட்டு வாயுவோடு சேர்ந்து ஈய அறைக்குத் திரும்பின, அமிலத்திலிருந்த நீர் ஆவியாகி அமிலம் செறிந்தது, உலை வாயு அறைக்கு ஏற்ற அளவு குளிர்ந்தது. செறிந்த அமிலத்தில் ஒரு பகுதியைக் குளிரவைத்துக் கே-லூசாக் கோபுரத்தின் உச்சிக்கு அனுப்பினால் சுற்று நிறைவுபெறும். தனி எரிபொருள் வேண்டியதில்லை; உலைவாயு ஏற்கெனவே சுமந்து வந்த சூடே போதும்.

இந்த இணைக் கோபுரங்களின் அமைப்பு இன்றுவரை மாறவில்லை. குளிர்ந்த கோபுரத்தில் கரைப்பான் வாயுவைப் பிடிக்கும். சூடான கோபுரத்தில் விடும். கரைப்பான் இரண்டுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். வாயுவின் பெயரும் கரைப்பானின் பெயரும்தான் ஆலைக்கு ஆலை மாறும்.

பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே 1861இல் காப்புரிமை பெற்ற சோடா முறை, இந்த இரண்டு செயல்களையும் தன் உயிர்நாடியாகக் கொண்டது. உப்புக் கரைசலில் முதலில் அம்மோனியாவைக் கரைப்பார்கள். அந்தக் கரைசல் ஓர் உயர்ந்த கோபுரத்தில் தட்டுத் தட்டாக இறங்க, சுண்ணாம்புக் காளவாயின் கரியமில வாயு கீழிருந்து குமிழியிட்டு ஏறும். சோடியம் பைகார்பனேட் வெண்படிவமாக இறங்கும். அதை வறுத்தால் சோடா. அம்மோனியா சோடாவைவிட விலை கூடியது. எனவே மிஞ்சிய கரைசலில் சுண்ணாம்பு சேர்த்து, நீராவி செலுத்தி, அம்மோனியாவைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விடுவித்துத் திரும்பச் சேர்த்தாக வேண்டும். சால்வேக்கு முன் இதே வினையை முயன்ற பலர் தோற்றது இந்த இடத்தில்தான். வினை புதியதல்ல, கோபுரம் புதியது. 1870களில் லுட்விக் மோண்டும் ஜான் பிரன்னரும் இங்கிலாந்தின் வின்னிங்டனில் இந்த முறையைத் தொடங்கினார்கள். அதன்பின் லெப்ளாங்க் ஆலைகள் சோடாவில் போட்டியிட முடியாமல், பிளீச்சிங் பவுடரை நம்பியே சில பத்தாண்டுகள் உயிர்பிழைத்தன.

ஆய்வாளரிலிருந்து பொறியாளர்

ஆல்கலி ஆய்வாளர்களுள் ஒருவர் ஜார்ஜ் டேவிஸ். ஒரே வேலையைப் பல ஆலைகள் பலவிதமாகச் செய்வதை அப்பணி அவருக்குக் காட்டியது. எந்தச் சரக்கு செய்தாலும் உறிஞ்சுதல், ஆவியாக்குதல், வடித்தல், நசுக்குதல் போன்ற செயல்கள் திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்தார். சரக்கின் வரிசையில் கற்பிக்காமல் செயல்களின் வரிசையில் கற்பிக்கலாம் என்பது அவர் கண்ட வழி. 1887இல் மான்செஸ்டர் தொழில்நுட்பப் பள்ளியில் அவர் நிகழ்த்திய 12 சொற்பொழிவுகள் வேதிப் பொறியியலின் முதல் பாடத்திட்டமாகக் கருதப்படுகின்றன. 1901இல் அவை விரிவான கையேடாக வந்தன.

அதே காலத்தில், விட்னெஸில் டீக்கனின் ஆலையில் பணியாற்றிய சுவிஸ் வேதியியலர் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், கல்கரிக் கோபுரங்களுக்குள் நடப்பதைக் கணிதத்தால் விளக்க முயன்றார். டைன் ஆற்றங்கரை ஆலைகளில் அனுபவம் பெற்று, பின்னர் சூரிச்சில் பேராசிரியரான கியோர்க் லுங்கே, கந்தக அமிலம், சோடா ஆகியவற்றின் உற்பத்தி பற்றிய பெருநூலில் கோபுர அளவுகளையும் ஆலை அனுபவங்களையும் தொகுத்தார்.

கோபுரத்தின் உள்ளடக்கமும் மாறியது. கல்கரித் துண்டுகள் ஒழுங்கற்றவை; நாளடைவில் நொறுங்கி அடைத்துக்கொள்ளும். நீர் ஒரு பக்கமாக வழிந்தால் மறுபக்கம் வாயு கழுவப்படாமலே ஏறிவிடும். லுட்விக்ஸ்ஹாஃபன் நகர வேதியியலர் ஃபிரிட்ஸ் ராஷிக், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உயரமும் விட்டமும் சமமான சிறு வளையங்களை நிரப்புப் பொருளாகக் கொண்டுவந்தார். அவற்றை அடுக்கத் தேவையில்லை. கொட்டினால் போதும், எப்படி விழுந்தாலும் வழி அடையாது. 25 மில்லிமீட்டர் பீங்கான் வளையங்களை ஒரு கன மீட்டர் நிரப்பினால் ஏறத்தாழ 190 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். இடத்தில் முக்கால் பங்கு வெற்றிடமாகவே இருப்பதால் வாயு தடையின்றி ஏறும். எல்லா வளையமும் ஒரே அளவு என்பதால், ஒரு கோபுரத்தில் கண்ட அளவை இன்னொரு கோபுரத்துக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. வாயுவின் வேகத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதையும் இனி அளக்கலாம்: எல்லை மீறினால் ஏறும் வாயு இறங்கும் நீரைத் தாங்கி நிறுத்திவிடும், கோபுரம் நீரால் நிரம்பி முடங்கும்.

இரண்டு படலங்கள்

வாயு திரவத்துக்குள் நுழையும் வேகத்தை எது கட்டுப்படுத்துகிறது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து பதில் வந்தது. வால்டர் விட்மன் 1923இல் இருபடலக் கோட்பாட்டை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வாரன் லூயிஸுடன் சேர்ந்து அதை விரித்தார். வாயுவும் திரவமும் சந்திக்கும் எல்லையின் இருபுறமும் அசைவற்ற மெல்லிய படலம் ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். வாயு மூலக்கூறு முதலில் வாயுப் படலத்தை ஊடுருவ வேண்டும், பிறகு திரவப் படலத்தை. எல்லையில் இரண்டும் சமநிலையில் இருக்கும். இரு படலங்களின் தடைகளைக் கூட்டினால் மொத்தத் தடை.

எந்தப் படலம் தடுக்கிறது என்று தெரிந்தால் பணம் எங்கே செலவழிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஹைட்ரஜன் குளோரைடும் அம்மோனியாவும் நீரில் மிக எளிதாகக் கரைபவை. அவற்றுக்குத் தடை வாயுப் படலத்தில். வாயுவின் ஓட்டத்தை விரைவாக்கிக் கலக்கினால் உறிஞ்சல் கூடும். கரியமில வாயுவும் ஆக்சிஜனும் நீரில் குறைவாகக் கரைபவை. அவற்றுக்குத் தடை திரவப் படலத்தில். அங்கே வாயுவை விரைவாக்கிப் பயனில்லை; திரவத்தைக் கலக்க வேண்டும், அல்லது வாயுவோடு வினைபுரியும் பொருளைத் திரவத்தில் சேர்க்க வேண்டும். அசைவற்ற படலம் என்பது கணக்கின் வசதிக்காகக் கொண்ட உருவகம்தான். திரவப் பரப்பு கணந்தோறும் புதுப்பிக்கப்படுவதைக் கருத்தில்கொண்ட விளக்கங்களை 1935இல் ரால்ஃப் ஹிக்பியும் 1951இல் பீட்டர் டாங்க்வெர்ட்ஸும் தந்தார்கள். ஆயினும் வடிவமைப்பு மேசையில் விட்மனின் கணக்கே நிலைத்தது.

அதே 1935இல் டூபான்ட் நிறுவனத்தின் தாமஸ் சில்டனும் ஆலன் கோல்பர்னும் கோபுரத்தின் உயரத்தை இரண்டு எண்களின் பெருக்கமாக எழுதினார்கள். ஒன்று, எவ்வளவு கடினமான பிரிப்பு என்பதைச் சொல்லும் அலகுகளின் எண்ணிக்கை. மற்றொன்று, அந்தக் கோபுரத்தில் ஓர் அலகுக்கு வேண்டிய உயரம். நிரப்பு நன்றாக இருந்தால் அது குறையும். நீர்த்த ஹைட்ரஜன் குளோரைடு போல எளிதில் கரையும் வாயுவுக்கு, 95 விழுக்காட்டைப் பிடிக்க 3 அலகுகள் வேண்டும். 99 விழுக்காட்டுக்கு 4.6, 99.9 விழுக்காட்டுக்கு 6.9. ஆல்கலி சட்டத்தின் 95ஐ 99 ஆக்க, கோபுரத்தின் உயரத்தில் ஏறத்தாழ பாதியைக் கூட்டினால் போதும். ஸ்மித்தின் காலத்து ஆலைகள் எல்லையை அவ்வளவு விரைவாகத் தாண்டியது எப்படி என்பதை இந்தக் கணக்கு ஓரளவு விளக்குகிறது. 1937இல் தாமஸ் ஷெர்வுட் எழுதிய பாடநூல் உறிஞ்சலையும் திரவப் பிரித்தெடுப்பையும் ஒரே அட்டைக்குள் வைத்தது. இரண்டின் அடிப்படையும் ஒன்றே என்பது அதற்குள் ஏற்கப்பட்டிருந்தது.

திரவத்திலிருந்து திரவத்துக்கு

வாயுவின் இடத்தில் இன்னொரு திரவத்தை வைத்தால் திரவப் பிரித்தெடுப்பு. எதிரோட்டமும் பரப்பும் படலத் தடையும் அப்படியே பொருந்தும். வேறுபாடு, இரண்டு திரவங்களின் அடர்த்தி அருகருகே இருப்பதால் அவை பிரிந்து நிற்கத் தயங்கும் என்பதே.

ருமேனியாவின் லாசர் எடெலேயானு 1908இல் இதைப் பெட்ரோலியத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். அந்நாட்டு மண்ணெண்ணெயில் அரோமாட்டிக் சேர்மங்கள் மிகுதி. விளக்கில் எரித்தால் புகை கக்கும். குளிரவைத்துத் திரவமாக்கிய கந்தக டை ஆக்சைடு, அந்தச் சேர்மங்களைக் கரைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். கந்தக டை ஆக்சைடின் கொதிநிலை நீரின் உறைநிலைக்கும் கீழே 10 டிகிரி. எனவே லேசாகச் சூடேற்றினாலே அது ஆவியாகித் திரும்பக் கிடைத்துவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலினைத் தூய்மைப்படுத்தியதும் இதே வழியில்தான். பூஞ்சை வளர்ந்த நீரில் பெனிசிலின் மிகச் சொற்பம், சூடாக்கினால் சிதைந்துவிடும். குளிர்ந்த நிலையில் நீரை அமிலமாக்கினால் பெனிசிலின் ஈதர், அமைல் அசிடேட் போன்ற கரைப்பான்களுக்குத் தாவும். அந்தக் கரைப்பானை நடுநிலையான நீரோடு சேர்த்தால் திரும்ப நீருக்கு வரும். இந்தத் திருப்பி எடுக்கும் யோசனை நார்மன் ஹீட்லியுடையது. திரவங்கள் எதிரெதிராக ஓடும் கருவியையும் அவரே கண்ணாடிக் குழாய்களையும் புட்டிகளையும் கொண்டு அமைத்தார். கே-லூசாக்கும் குளோவரும் வெப்பத்தால் செய்ததை இங்கே அமிலத்தன்மை செய்தது.

கரியமில வாயு

1930இல் அமெரிக்காவின் ராபர்ட் பாட்டம்ஸ், அமீன் கரைசலால் அமில வாயுக்களைப் பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமீன் கரைசல் சுமார் 40 டிகிரியில் கரியமில வாயுவோடும் ஹைட்ரஜன் சல்பைடோடும் வினைபுரிந்து அவற்றைப் பிடிக்கும். 110 முதல் 120 டிகிரி வரை சூடாக்கினால் விட்டுவிடும். இயற்கை எரிவாயுவைத் தூய்மையாக்கவும், உர ஆலைகளில் ஹைட்ரஜனிலிருந்து கரியமில வாயுவை நீக்கவும், சுத்திகரிப்பு ஆலைகளில் கந்தகத்தைப் பிரிக்கவும் இந்த இணைக் கோபுரங்கள் உலகெங்கும் நிற்கின்றன.

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் திட்டங்களும் இதே அமைப்பையே எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் தூத்துக்குடி ஆல்கலி ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து, அதைச் சோடா உற்பத்திக்கே பயன்படுத்தும் அமைப்பு 2016இல் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு சுமார் 60,000 டன் என்பது அதற்கு அறிவிக்கப்பட்ட அளவு. பிடித்த வாயுவுக்கு ஆலைக்குள்ளேயே தேவை இருப்பதால், அதை அழுத்தி நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் செலவு அங்கே இல்லை.

மற்ற இடங்களில் கணக்கு வேறு. கரியமில வாயுவைப் பிடிப்பதில் தொழில்நுட்பத் தடை பெரிதாக இல்லை. செலவு விடுவிப்பதில் இருக்கிறது. வழக்கமான மோனோ எத்தனால் அமீன் கரைசலில் ஒரு டன் கரியமில வாயுவை விடுவிக்க 3.5 முதல் 4 கிகாஜூல் வரை வெப்பம் வேண்டும். மின் நிலையத்தில் அந்த வெப்பம் டர்பைனுக்குப் போகவேண்டிய நீராவியிலிருந்து வருகிறது. அந்த அளவுக்கு மின்சாரம் குறையும். குளோவருக்கு உலைவாயுவின் சூடு இலவசமாகக் கிடைத்தது. புகைபோக்கிக்கு வரும் மின் நிலையப் புகையில் அத்தகைய சூடு மிஞ்சுவதில்லை. அதனால் இத்துறையின் இன்றைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி, போதிய அளவு பிடித்து, குறைந்த சூட்டில் விடும் கரைப்பான்களைத் தேடுவதிலேயே செலவாகிறது.